செண்பகத்துக்காக நாலு விநாடி

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால், கேளம்பாக்கம் ராயல் ஆர்க்கிட் என்கிளேவ் ஃபேஸ் டூவில் (ஃபேஸ் ஒன் இன்றுவரை கட்டப்படவில்லை) வசிப்பவரும், ஓய்வு பெற்ற கண்காணிப்புப் பொறியாளரும், குடியிருப்போர் நலச் சங்கத்துக்குப் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவருமான திரு. வ. குலசேகரன் அவர்களின் இல்லத்து ரவுட்டர் மந்தமாகிவிட்டது. 'விளக்கைப் போடு' என்று அவர் உத்தரவிட்டால் விளக்கு நாலு விநாடி யோசிக்கிறது. 'கதவைத் திற' என்றால் கதவும் நாலு விநாடி யோசிக்கிறது. இந்தச் செய்தியை உலகம் எப்படித் தாங்கிக்கொள்ளப் போகிறதோ தெரியவில்லை. குலசேகரனால் தாங்க முடியவில்லை.

காரணம் இருந்தது. அன்று மாலை, வாயால் சொன்னதும் வீடே வேலை செய்யும் சங்கத்தின் 'மின்னல் இல்லம்' திட்டத்துக்குத் திறப்பு விழா. கவுன்சிலர் வருகிறார். மாதிரி வீடு என்று காட்டப்போவது தலைவரின் வீட்டைத்தான். அந்த வீட்டுக் கதவு கவுன்சிலரை வாசலில் நிற்கவைத்து யோசித்தால் என்ன ஆவது?

போதாக்குறைக்குக் காலையில் லிஃப்டில் பொருளாளர் பாஷ்யம் மாட்டினார். பாஷ்யத்துக்குத் தலைவர் பதவியின் மேல் ஒரு கண். அது எல்லோருக்கும் தெரியும், குலசேகரனுக்கு நன்றாகவே தெரியும்.

"எஸ்.ஈ. சார், உங்க வீட்டுக் கதவு ஆலோசனை பண்ணித்தான் திறக்குதாமே?"

"பாதுகாப்புப் பரிசோதனை. டெலிபரேட்டா வெச்சிருக்கேன்."

"நல்லது சார். எங்க வீட்டுக் கதவுக்குப் பொறுமை கிடையாது. நான் லிஃப்ட்ல இருந்து இறங்கறதுக்குள்ள திறந்துடறது."

குலசேகரன் தன் மாடியில் இறங்கிக்கொண்டார். வீட்டுக்கு வந்து ரவுட்டர் கம்பெனிக்குப் புகார் கொடுத்தார். ஆள் வருவதற்குள் இன்னும் இரண்டு முறை புகார் கொடுத்தார்.

அந்தக் காலத்து ரவுட்டர் இன்டர்நெட் பெட்டி மட்டும் அல்ல. வீட்டுக்கு அதுதான் காரியதரிசி. யார் பேரைச் சொன்னாலும் ஆள் எங்கே இருக்கிறார் என்று தேடிப் பிடிக்கும். ஒவ்வொரு தடவையும் ஊரெல்லாம் போய்த் தேடுவானேன் என்று, கிடைத்த பதிலைப் பெட்டிக்குள்ளேயே போட்டுவைத்துக்கொண்டு அடுத்த தடவை எடுத்துக் கொடுக்கும். கேஷ் என்பார்கள்; பணம் அல்ல, சேமிப்பு. முதலில் விலாசங்களைத்தான் போட்டுவைத்தது. பிறகு கம்பெனிக்காரன் ஒரு கேள்வி கேட்டான்: மனிதர்கள் சொல்லும் பதில்களும்தான் மாறுவதில்லையே, அவற்றையும் ஏன் போட்டுவைக்கக் கூடாது? அதற்கு 'முன்பதில்' என்று பேர் வைத்தான். தெரிந்த ஆள் கூப்பிட்டு, தெரிந்த பேச்சுதான் என்றால் போன் மணியே அடிக்காது. உங்கள் குரலில் ரவுட்டரே பேசி அனுப்பிவிடும்.

ராயல் ஆர்க்கிட்டில் இதைத் தீர்மானம் போட்டுக் கொண்டுவந்தவரே குலசேகரன்தான். தண்ணீர் லாரி வரவில்லை, நாய் குரைக்கிறது, என் இடத்தில் எவனோ காரை விட்டிருக்கிறான் என்று சதா போன் வந்துகொண்டிருந்தது. முன்பதில் வந்தபிறகு, "எழுத்துமூலமா குடுங்க, கமிட்டியில வைக்கிறேன்" என்று அவர் குரலில் ரவுட்டரே சொல்லிவிடும். அவர் பாட்டுக்குத் தூங்கலாம். சங்கத்தில் ஒருவர்கூட வித்தியாசம் கண்டுபிடிக்கவில்லை. இதைத் தொழில்நுட்பத்தின் வெற்றி என்று மேடையில் பேசினார்.

ஒரே ஒரு குறைதான் அவருக்கு. அதை வெளியில் சொல்லமாட்டார். மகள் மிருணாளினி கோபன்ஹேகனில் இருக்கிறாள். செண்பகம் இருந்தவரை ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மகளின் போன் வரும். போன ஐப்பசியில் செண்பகம் போய்ச் சேர்ந்தாள். மிருணா வந்து, காரியம் முடித்துத் திரும்பிப் போனாள். அதற்குப் பிறகு போன் மணி அடிக்கவே இல்லை. ஞாயிறு தோறும் பேப்பரை விரித்துக்கொண்டு போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். தானாகக் கூப்பிடலாம்தான். பெற்றவன் கூப்பிடுவதா என்று ஒன்று இருக்கிறதே. யாராவது விசாரித்தால், "பொண்ணா? வாராவாரம் பேசறா" என்பார்.

அன்றும் ஞாயிற்றுக்கிழமை. பேப்பரோடு உட்கார்ந்திருந்தபோது கம்பெனியிலிருந்து ஆள் வந்தாள். ஐம்பது வயது இருக்கும். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லட். அட்டையில் மரியபுஷ்பம் என்று இருந்தது. பேச்சில் தூத்துக்குடி இருந்தது.

"செவுரு ரொம்பக் கனமா இருக்குல்லா சார், அதான்," என்றாள், உள்ளே வந்து முழுதாக நிற்பதற்குள்.

"ஏம்மா, ரெண்டு வருஷமா இதே செவுருதான்."

"அப்ப பூஸ்டர் ஒண்ணு போடணும் சார். ஆஃபர் ஓடுது."

"நான் எஞ்சினியர். என்கிட்ட இதெல்லாம் வேண்டாம். பெட்டியைத் திறந்து பாரு."

மரியபுஷ்பம் அசரவில்லை. பூஸ்டரைப் பைக்குள் வைத்துவிட்டு டேப்லட்டை ரவுட்டரோடு இணைத்தாள். கொஞ்ச நேரம் விரலால் தள்ளிக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள்:

"செண்பகம்ங்கிறது யாரு சார்?"

குலசேகரன் பேப்பரை மடித்தார். "என் சம்சாரம். ஏன்?"

"வீட்டுல இருக்காங்களா?"

"இல்லை. தவறிட்டா. போன வருஷம்."

"ஐயோ. சரி சார். இந்தப் பெட்டிக்கு அது தெரியாது. நீங்க என்ன சொன்னாலும் இது முதல்ல அவங்களைத்தான் கேக்குது. விளக்கு போடவா, கதவு திறக்கவா, எல்லாத்துக்கும். நாலு விநாடி நின்னு பாக்குது. பதில் வரலைன்னதும் உங்ககிட்ட வருது. அதான் லேட்டு."

"எதுக்கு அவளைக் கேக்கணும்? வீடு என் பேர்ல இருக்கு."

"மாட்டும்போது கேட்டிருப்பாங்க சார், வீட்டுல முதல்ல யாரைக் கேக்கணும்னு."

குலசேகரனுக்கு ஞாபகம் வந்தது. மாட்ட வந்தவன் என்னவோ கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தான். இவர் சங்கத்தின் ஆண்டறிக்கையைத் திருத்திக்கொண்டிருந்தார். தலை நிமிராமல் சமையலறைப் பக்கம் கையைக் காட்டி, "எல்லாம் அவளைக் கேளு" என்றார். பால்காரன், கேஸ்காரன், மிருணாவின் பள்ளிக்கூடம், கல்யாணத்துக்கு வரன் பார்த்த தரகர் என்று நாற்பது வருஷமாக எல்லோருக்கும் அவர் சொன்ன ஒரே பதில் அது. மற்றவர்கள் பிறகு மறந்துவிட்டார்கள். ரவுட்டர் மறக்கவில்லை.

"சரி, அதை மாத்து. என் பேரைப் போடு."

"மாத்திரலாம் சார். ஒரு நிமிசம்." அவள் நெற்றியைச் சுருக்கினாள். "அவங்க முன்பதிலை யாரோ இப்பவும் எடுத்துப் பேசுதாங்க. வாராவாரம்."

"யாரு?"

"வெளிநாட்டு நம்பர். மிருணாளினின்னு இருக்கு."

குலசேகரன் எழுந்தேவிட்டார். அப்போது ரவுட்டரின் மேல் சின்ன விளக்கு ஒன்று பச்சையானது. மரியபுஷ்பம் அதைக் காட்டினாள்.

"இந்தா, இப்பக்கூட வந்திருக்கு. பேச ஆரம்பிச்சாச்சு."

"மணியே அடிக்கலையே. யாரு பேசறது?"

"நீங்கதான் சார்."

அவர் புரியாமல் நின்றார். அவள் டேப்லட்டில் ஒலியைக் கூட்டினாள். அறைக்குள் அவருடைய குரலே கேட்டது, கொஞ்சம் அவசரத்தில் இருப்பதுபோல.

"ஆங், மிருணா. சாப்டியா?"

"சாப்டேன்பா."

"அங்க குளிரா?"

"குளிர்தான்."

"ஆபீஸ்லாம் எப்படிப் போகுது?"

"போகுதுப்பா."

"சரி, இரு, அம்மாகிட்ட குடுக்கறேன்."

பிறகு சத்தம் இல்லை. குலசேகரன் ரவுட்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாலு விநாடி. பெட்டி செண்பகத்தைத் தேடிப் போய், காணாமல், திரும்பி வந்தது.

"என்னடி, குரல் ஒரு மாதிரி இருக்கு? அழுதியா?"

குலசேகரன் சோபாவில் உட்கார்ந்துவிட்டார்.

"இல்லம்மா," என்றாள் மகள்.

"பொய் சொல்லாத. மூக்கு அடைச்சிருக்கு."

"கையெழுத்துப் போட்டாச்சும்மா. இனிமே அவன் யாரோ, நான் யாரோ."

"சரி விடு. போட்டாச்சு இல்ல? சாதம் வெச்சியா இன்னிக்கு?"

"பிரெட்தான்."

"பிரெட்டைத் தின்னுட்டு அழுதா தலைவலிதான் வரும். ஒரு ரசம் வைடி. மிளகைத் தட்டிப் போடு, பொடி பண்ணாத."

"அம்மா. அப்பாகிட்ட இதை எப்படிச் சொல்றது?"

"நான் மெதுவா சொல்லிக்கறேன். அவர் முதல்ல ஒரு கத்து கத்துவார். அப்புறம் பேப்பரை எடுத்து மூஞ்சியை மறைச்சுப்பார். வேற என்ன செய்யத் தெரியும் அவருக்கு?"

மிருணா சிரித்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் குலசேகரன் கேட்டு எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. இருவரும் இன்னும் கொஞ்ச நேரம் குழாய்த் தண்ணீர் உறைவதைப் பற்றியும், பக்கத்து வீட்டுக்காரியின் பூனையைப் பற்றியும் பேசினார்கள். பிறகு விளக்கு அணைந்தது.

மரியபுஷ்பம் மேஜை விரிப்பின் ஓரத்தைச் சரிசெய்தாள். அது சரியாகத்தான் இருந்தது.

"அவளுக்குத் தெரியுமா," என்றார் குலசேகரன், "அது செண்பகம் இல்லைன்னு?"

"தெரியாம இருக்குமா சார்? காரியத்துக்கு வந்திருப்பாங்கல்லா. இந்தச் சேமிப்புக்கு ஆயுசு மூணு மாசம். தானா அழிஞ்சிரும். அவங்கதான் ஒவ்வொரு தடவையும் கேட்டு நீட்டிச்சிருக்காங்க."

"என்னைக் கேக்காம எப்படி நீட்டலாம்? வீட்டு உரிமையாளர் நான்."

"உங்களைக் கேட்டுத்தான் சார் நீட்டியிருக்கு."

"என்னையா?"

அவள் ரவுட்டரைக் காட்டினாள். "எழுத்துமூலமா குடு, கமிட்டியில வைக்கிறேன்னு சொல்லியிருக்கீங்க. அவங்களும் எழுதிக் குடுத்திருக்காங்க. பாஸாயிருக்கு."

குலசேகரனுக்கு முகம் சிவந்தது. கட்டிக் கொடுத்த பெண் தாலியைக் கழற்றியிருக்கிறாள். அந்தச் செய்தி அவர் வீட்டில், அவர் தலைக்குப் பக்கத்தில், அவரைத் தவிர மற்ற எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. எல்லோரும் என்றால் ஒரு பெட்டியும் ஒரு செத்த மனைவியும். போன் வரவில்லையே என்று இவர் பேப்பரைப் படித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒவ்வொரு ஞாயிறும் இவருக்கு ஓரடி தள்ளி இவருடைய மகள் அழுதுகொண்டிருந்திருக்கிறாள்.

"செண்பகம் பேரை எடுத்துடு."

"எடுக்கவேண்டாம் சார். வரிசையில கீழ தள்ளினாப் போதும். உங்க பேரு முதல்ல வந்துரும், வேகமும் வந்துரும். அவங்க சேமிப்பு அதுபாட்டுக்கு இருக்கும்."

"எடுன்னு சொல்றேன்."

"முழுசாவா? போனா போனதுதான் சார். திரும்ப வராது."

"என் பொண்ணு இனிமே என்கிட்ட பேசட்டும். பெட்டிகிட்ட என்ன பேச்சு?"

"என்ன சார் பேசுவீங்க?"

குலசேகரன் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவள் முகத்தில் குத்தல் எதுவும் இல்லை.

"இல்ல, சும்மா கேட்டேன். உங்க மகளுக்குன்னு இதுல உங்க பேருல நாலு வாக்கியம்தான் இருக்கு. அவங்க அம்மா பேருல பாத்தா எடமே பத்தலை, மகளே கூடுதலா எடம் வாங்கியிருக்காங்க."

"நான் மேடையில ஒரு மணி நேரம் குறிப்பு இல்லாமப் பேசறவன், தெரியுமா?"

"தெரியும் சார். அதுவும் இதுல இருக்கு."

உறுதி செய்ய உரிமையாளரின் குரல் வேண்டும் என்று டேப்லட் கேட்டது. குலசேகரன் தொண்டையைச் செருமிக்கொண்டு, கொடியேற்றத்தில் பேசும் குரலில், "நீக்கு" என்றார். ரவுட்டர் வழக்கப்படி முதலில் செண்பகத்திடம் கேட்டுப் பார்த்தது. பதில் வரவில்லை. நீக்கிவிட்டது.

"அஞ்சு ஸ்டார் போட்டுருங்க சார்," என்றாள் மரியபுஷ்பம், செருப்பை மாட்டிக்கொண்டே. "நாலு போட்டா கம்பெனியில ஏன்னு கேப்பாங்க."

விழா அமர்க்களமாக நடந்தது. கவுன்சிலர் மிதியடியில் கால் வைப்பதற்குள் கதவு திறந்தது. விளக்கு, ஃபேன், திரைச்சீலை எல்லாம் குலசேகரன் வாயைத் திறக்கும்போதே வேலையைத் தொடங்கின. "தலைவர் வீடு நிஜமாவே மின்னல்யா," என்று கவுன்சிலர் கை தட்டினார். உடன் வந்தவர்களும் தட்டினார்கள். பாஷ்யம் மட்டும் கேசரிக் கிண்ணத்தைக் கீழே வைக்க இடம் தேடிக்கொண்டிருந்தார். குலசேகரன் ஒரு மணி நேரம் குறிப்பு இல்லாமல் பேசினார். தகவல் தொடர்பு மனித உறவுகளை நெருக்கமாக்கியிருக்கிறது என்று முடித்தார்.

அடுத்த ஞாயிறு வரை அவருக்கு வேறு வேலை ஓடவில்லை. மிருணாவுக்கு மட்டும் முன்பதிலை நிறுத்திவைத்தார். இனி மணி அடிக்கும், அவரே எடுப்பார். என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தார். முதலில், 'நீ எடுத்த முடிவு தொடர்பாக' என்று ஆரம்பித்தது. சுற்றறிக்கை மாதிரி இருக்கிறதே என்று அதை விட்டார். 'உன் அம்மா இருந்திருந்தால்' என்று ஒன்று வந்தது. இரங்கல் கூட்டம் மாதிரி இருந்தது. அதையும் விட்டார். குளிக்கும்போதும் நடக்கும்போதும் சொல்லிப் பார்த்து, கடைசியில் அவருக்கே ஒருமாதிரி பிடிபட்டது. 'நீ செஞ்சது சரிம்மா. இங்க வந்து கொஞ்ச நாள் இரு. எனக்கு ரசம் வெக்கத் தெரியாது, கத்துக்கறேன்.' அவ்வளவுதான். கண்ணாடி முன்னால் நின்று அதைச் சொன்னபோது குரல் உடைந்தது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் சொன்னார். கடைக்குப் போய் மிளகுகூட வாங்கி வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மணி அடித்தது. அந்தச் சத்தமே அந்த வீட்டுக்குப் புதிதாக இருந்தது. குலசேகரன் பேப்பரை எடுத்து அடுத்த நாற்காலியில் தூரப் போட்டார். போனை எடுத்தார்.

"அப்பா," என்றாள் மிருணா. சாதாரணமாக, வரிசையில் நிற்பவள் டோக்கனை நீட்டுவதுபோல.

"ஆங், மிருணா."

வாக்கியம் நாக்கு நுனியில்தான் இருந்தது. நீ செஞ்சது சரிம்மா. வாயைத் திறந்தார்.

"சாப்டியா?"

"சாப்டேன்பா."

இல்லை, இது இல்லை. குலசேகரன் உள்ளங்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். இங்க வந்து கொஞ்ச நாள் இரு.

"அங்க குளிரா?"

"குளிர்தான்." அவள் அந்தப் பக்கம் ஏதோ பாத்திரத்தை நகர்த்தும் சத்தம் கேட்டது. இவர் பேசி முடிக்கட்டும் என்று காத்திருக்கிறாள் என்று அவருக்குப் புரிந்தது. போன வாரமும் காத்திருந்தாள். அதற்கு முந்தின வாரமும்.

"ஆபீஸ்லாம் எப்படிப் போகுது?"

"போகுதுப்பா."

இப்போது சொல்லிவிடலாம். இதைவிட நல்ல இடம் கிடைக்காது. சமையலறை மேடையில் மிளகுப் பொட்டலம் பிரிக்காமல் இருந்தது. அவர் அதைப் பார்த்தார். போனைக் காதிலிருந்து எடுத்து, நாற்பது வருஷமாகக் கையைக் காட்டிய அதே வாக்கில், சமையலறைப் பக்கம் நீட்டினார்.

"சரி, இரு, அம்மாகிட்ட குடுக்கறேன்."

"குடுங்கப்பா," என்றாள் மிருணா. அவள் குரலில் முதல் தடவையாகக் கொஞ்சம் உயிர் வந்தது.

ரவுட்டர் அந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. தேடிப் போக இப்போது அதற்கு எந்த இடமும் இல்லை. மரியாதையான குரலில் உடனே சொன்னது:

"மன்னிக்கவும். அந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை."

நீட்டிய கையோடு குலசேகரன் நின்றார். போனுக்குள் மூச்சு விடும் சத்தம் மட்டும் சிறிதாகக் கேட்டுக்கொண்டிருந்தது. அதைக் காதுக்குக் கொண்டுபோக அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"அப்பா," என்றாள் மிருணா. மெதுவாகக் கேட்டாள். "இது நீங்களா, பெட்டியா?"

நான்தாம்மா என்று சொல்ல வேண்டும். அதற்கு ஒரு வார்த்தை போதும்.

"சாப்டியா?" என்றார்.

அவள் போனை வைத்துவிட்டாள்.

கம்பெனியிலிருந்து திருப்தியா என்று கேட்டு மாலையில் செய்தி வந்தது. முன்பதில் அதற்கு ஐந்து ஸ்டார் போட்டு அனுப்பியது.

ரவுட்டரின் வேகத்தில் இப்போது குறை ஒன்றும் இல்லை.